வீடு பூட்டியிருந்தது

ஜூன் 28, வெள்ளி

பெற்றோர் கூட்டம். பள்ளியில் முப்பத்தொரு பிள்ளைகள். பதினேழு வீடுகளிலிருந்து ஆள் வந்தார்கள். இந்தப் பள்ளிக்கு இது பெரிய கூட்டம் என்றார் தலைமையாசிரியை ரூபாவதி டீச்சர்.

நான் தற்காலிக ஆசிரியை. வந்து மூன்று வாரம் ஆகிறது. மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புகள் ஒரே அறையில், என் பொறுப்பில். பிள்ளைகளின் வருகையைப் பற்றிப் பேசும் வேலையும் என்னுடையதாயிற்று. இரண்டு பக்கம் எழுதி வைத்துக்கொண்டு பேசினேன்.

“காலையில் அவசரமாக வேலைக்குக் கிளம்பிவிடுகிறோம். பிள்ளை தெருவில் நிற்கிறது. ஏரிக்கரையெல்லாம் சுற்றிவிட்டுப் பத்து மணிக்குப் பள்ளிக்கு வருகிறது. நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது?”

பெயர் சொல்லவில்லை. ஆனாலும் எல்லோரும் கடைசி வரிசையைத் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே அஞ்சலா உட்கார்ந்திருந்தார். நான்காம் வகுப்பு மோனிஷாவின் அம்மா. ஷூ கம்பெனி அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றவில்லை. அரை நாள் பெர்மிஷன் போட்டு வந்திருந்தார். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் முடிந்ததும் ரூபாவதி டீச்சர் சொன்னார்: “நல்லா பேசினே தமயந்தி. பெரிய படிப்பு படிச்சது தெரியுது.”

4.50 பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது.

ஜூலை 1, திங்கள்

மோனிஷா எட்டு மணிக்கு வந்துவிட்டாள். காலை உணவு வரிசையில் முதல் ஆள். பொங்கல் வைக்கும் மல்லிகாவிடம் இரண்டாவது கரண்டி கேட்டு வாங்கினாள்.

“இன்னிக்கு எப்படி இவ்வளவு சீக்கிரம்?” என்றேன்.

“நசீமாக்கா தொறந்து வுட்டாங்க டீச்சர்.”

நசீமா பக்கத்து வீட்டுக்காரர். எதைத் திறந்துவிட்டார் என்று நான் கேட்கவில்லை. பேச்சு பலித்துவிட்டது என்ற நினைப்பில் இருந்தேன்.

ஜூலை 5, வெள்ளி

ஐந்து நாளும் வந்தாள். சுவரில் ஒட்டியிருக்கும் வருகை அட்டவணையில் அவள் பெயருக்கு நேராக ஐந்து நட்சத்திரம்.

அறையின் பூட்டு மாற்றவேண்டும். மழை பெய்தால் சாவி சுற்றுவதில்லை.

ஜூலை 8, திங்கள்

மோனிஷா வரவில்லை.

ஜூலை 9, செவ்வாய்

இந்த ஊரில் ஒரு வழக்கம். ஒரு பிள்ளை வராவிட்டால் வகுப்பிலிருந்து நாலைந்து பேரை அனுப்பி அழைத்துவரச் சொல்வது. அவர்கள் சோற்றுத் தட்டைத் தட்டிக்கொண்டு, பெயர் சொல்லிக் கத்திக்கொண்டு தெருவழியே போவார்கள். வராத பிள்ளை வெட்கப்பட்டு வெளியே வந்துவிடும். முதலில் எனக்குப் பிடிக்காமல் இருந்தது. பிறகு பழகிவிட்டது. இன்று நானே அனுப்பினேன்.

ஐந்தாம் வகுப்பு அபிநயாதான் படைத்தலைவி. இருபது நிமிடத்தில் திரும்பி வந்தாள்.

“வீடு பூட்டிக் கெடக்குது டீச்சர். தட்டு தட்டுன்னு தட்டினோம். ‘மோனிஷா சோம்பேறி, வெளிய வாடி’ன்னு கத்தினோம். கூரை மேல கல்லு கூட வுட்டோம்.”

“கல்லா?”

“சின்னக் கல்லுதான் டீச்சர்.”

ஜூலை 10, புதன்

மதிய இடைவேளையில் நானே போனேன். பள்ளியிலிருந்து ஐந்து நிமிட நடை. ஒரே சுவரில் பத்து லைன் வீடுகள், சிமெண்ட் ஷீட் கூரை. பகலில் அநேகமாக யாரும் இருப்பதில்லை, எல்லோருக்கும் கம்பெனி. கடைசிக்கு முந்தைய வீடு அவர்களுடையது. நீலக் கதவு. வெளியே பெரிய பூட்டு. பக்கத்தில் நசீமா வீட்டிலும் பூட்டு. எதிர்ப்பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு பெண், நசீமா மகள் பிரசவத்துக்காக ஓசூர் போய் மூன்று நாள் ஆகிறது என்றார்.

கதவருகே கொஞ்ச நேரம் நின்றேன். உள்ளே ஏதோ விழுந்தது. தட்டோ கரண்டியோ. பூனையாக இருக்கும்.

காலடியில் கோடு போட்ட தாள் ஒன்று, நான்காக மடித்து. ஏழாம் வாய்ப்பாடு. 7 x 8 = 54 என்று எழுதியிருந்தது. கை சும்மா இருக்கவில்லை. சிவப்புப் பேனாவால் 56 என்று திருத்தி, கையெழுத்துப் போட்டு, கீழே தேதியும் போட்டேன். பையில் வைத்துக்கொண்டேன். நான் போனபோதே அது அங்கே கிடந்ததா என்று நினைவில்லை.

நான்கு மணிக்குள் இணையத்தில் படிவம் ஏற்றவேண்டும். வராததற்குக் காரணம்: உடல்நலம், வெளியூர், குடும்ப வேலை, விருப்பமின்மை. நான்கில் ஒன்று. ‘வெளியூர்’ என்று போட்டால் மேற்கொண்டு எதுவும் கேட்பதில்லை. பள்ளியில் இருக்கும் வீட்டுச் சந்திப்புப் பதிவேட்டிலும் எழுதினேன்: வீடு பூட்டியிருந்தது. குடும்பம் வெளியூர்.

முதல் வாக்கியம் உண்மை.

ஜூலை 11, வியாழன்

பூனை கணக்குப் போடாது.

ஜூலை 12, வெள்ளி

கம்பெனி வாசலிலேயே போனை வாங்கி வைத்துவிடுவார்கள். அஞ்சலாவை ஏழு மணிக்கு மேல்தான் பிடிக்க முடியும். ஏழரைக்குக் கூப்பிட்டேன்.

“மோனிஷா ஏம்மா வரலை?”

டிவியின் சத்தம் மட்டும். பிறகு: “குடியாத்தத்துல என் தம்பி வூட்டுக்கு அனுப்பிட்டேன் டீச்சர். ரெண்டு வாரத்துல வந்துரும்.”

“சரிம்மா.”

“சாப்ட்டீங்களா டீச்சர்?”

“சாப்பிட்டேன்மா.”

சாப்பிடவில்லை. இரண்டு பேரும் மரியாதையாகப் பேசி வைத்தோம். டிவி சத்தத்துக்கு நடுவே ஒரு குழந்தை சிரித்தது. டிவியில் சிரித்த குழந்தையாகவும் இருக்கலாம்.

படிவத்தில் நான் போட்டது சரியாகிவிட்டது. அம்மாவே சொல்லிவிட்டார்.

ஜூலை 15, திங்கள்

மறுபடி போனேன். கதவை விரல் முட்டியால் இரண்டு முறை தட்டினேன். மெதுவாக, ஒரு அறைக்குள் நுழையும்முன் தட்டுவதுபோல.

கதவுக்கு அடியிலிருந்து தாள் வந்தது. பின்னாலேயே விரல் நுனிகள். நகங்களில் பாதி உரிந்த சிவப்புச் சாயம்.

எட்டாம் வாய்ப்பாடு. கீழே ஒரு வரி: ‘அம்மா பேசக்கூடாதுனு சொல்லிச்சு. அதான் எழுதறேன். இன்னிக்கு என்ன சாப்பாடு.’

‘சாம்பார் சாதம், முட்டை’ என்று எழுதி, வாய்ப்பாட்டைத் திருத்தி, தேதி போட்டு உள்ளே தள்ளினேன். பழைய தாளையும் சேர்த்து.

உள்ளே அவள் சத்தமில்லாமல் படிப்பது கேட்டது. கேட்டது என்பது சரியான சொல்லா என்று தெரியவில்லை.

ஜூலை 16, செவ்வாய்

தாளில் விவரம் கேட்டேன். பதில் வந்தது. கம்பெனி வேன் ஆறே கால் மணிக்கு. அப்பா பெங்களூரில் கட்டட வேலை. மாதம் ஒருமுறை வருவார். அம்மா பூட்டிக்கொண்டு போகிறார். முன்பு சாவி நசீமாக்காவிடம் இருக்கும்; எட்டு மணிக்குத் திறந்துவிடுவார். இப்போது நசீமாக்கா இல்லை. டப்பாவில் சோறு இருக்கிறது. குழாயில் தண்ணீர் இருக்கிறது. அம்மா ஏழு மணிக்கு வந்துவிடும். பயமில்லை. பல்லி மட்டும் இருக்கிறது.

கடைசி வரி: ‘ரோட்ல வுட்டா டீச்சர் திட்டுவாங்கனு அம்மா சொல்லிச்சு.’

அந்த வரிக்கு நான் பதில் எழுதவில்லை. ‘பல்லி ஒன்றும் செய்யாது’ என்று எழுதினேன்.

ஜூலை 18, வியாழன்

ரூபாவதி டீச்சரிடம் சொல்லவேண்டும். சொன்னால் முதலில் பதிவேட்டை எடுப்பார். ‘வெளியூர்னு எழுதியிருக்கியே’ என்பார். படிவத்தில் ஏற்றியதை அவரால் திருத்த முடியாது. மேலே எழுதிக் கேட்கவேண்டும். அஞ்சலா மேல் புகார் ஆகலாம். யாராவது விசாரிக்க வருவார்கள். அவருக்கு வேலை போகலாம்.

இவை காரணங்கள். வரிசையாக எழுதிப் பார்த்தேன். அஞ்சலாவின் வேலை கடைசியில்தான் வருகிறது.

ஏழு மணி வரை இருந்து அஞ்சலாவை நேரில் பார்க்கலாம். ஆனால் 4.50 பஸ்.

அதற்கடுத்து 7.40க்கு ஒரு பஸ் உண்டு.

ஜூலை 19, வெள்ளி

பின்னக் கணக்குக் கடினம் என்று எழுதியிருந்தாள். தாளிலேயே ஒரு சப்பாத்தி வரைந்து நான்காக வெட்டிக் காட்டினேன். பத்து நிமிடத்தில் நான்கு கணக்கு வந்தது. நான்கும் சரி. வகுப்பில் இருக்கும்போது ஒரு கணக்குக்கே மூன்று முறை வெளியே எட்டிப் பார்ப்பாள்.

‘மிக நன்று’ என்று எழுதி நட்சத்திரம் போட்டேன்.

கதவுக்கு இந்தப் பக்கம் படியில் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பக்கம் அவளும் கதவில் சாய்ந்துதான் உட்கார்ந்திருக்க வேண்டும். கதவு லேசாக அசைந்தது. இத்தனை நாளில் இவ்வளவு கவனமாக யாருக்கும் நான் பாடம் நடத்தியதில்லை.

ஜூலை 21, ஞாயிறு

இரண்டு வருடமாகத் தொடாத ஆய்வேட்டை எடுத்தேன். தலைப்பு: நவீனச் சிறுகதைகளில் மௌனம். மூன்றாம் இயலில் நின்றிருந்தது. இன்று நான்கு பக்கம் எழுதினேன். சரளமாக வந்தது.

பிறகு அந்த நான்கு பக்கத்தையும் வாசித்தேன். எல்லாம் அந்தக் கதவைப் பற்றியது. கிழிக்கவில்லை.

துணி துவைத்தேன். பெட்ஷீட் இன்னும் காயவில்லை.

ஜூலை 23, செவ்வாய்

பாத்திரம் துலக்கிக்கொண்டே மல்லிகா கேட்டார்: “அந்த மோனிஷாப் பொண்ணு இன்னா ஆச்சு டீச்சர்? ரெண்டு கரண்டி பொங்கல் எனக்கு தெனமும் மிச்சமாவுது.”

“குடியாத்தம் போயிருக்காளாம்.”

“அப்படியா? தெனமும் ஆறு மணிக்கு அந்த லைன் வழியாத்தான் நான் அடுப்பு மூட்ட வர்றேன். அஞ்சலா வேனுக்கு நிக்கும். பாத்தா தலையக் குனிஞ்சிக்கும். முன்னெல்லாம் ‘இன்னாக்கா, இன்னிக்கு உப்புமாவா’ன்னு கேலி பண்ணும்.”

“வேலை அலுப்பா இருக்கும்.”

“அலுப்பு யாருக்கு டீச்சர் இல்ல?” என்று அண்டாவைக் கவிழ்த்தார்.

நான் சாக்பீஸ் டப்பாவை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனேன்.

ஜூலை 24, புதன்

வெயில். மழைக்காலம் போல ஆரம்பித்துவிட்டு இப்படிக் காய்கிறது. அந்தக் கூரைக்குக் கீழே எப்படி இருக்கும் என்று படியில் உட்கார்ந்தபோது நினைத்தேன். கதவின் தகடே சுட்டது.

இன்றைய தாளில் எழுத்து கோணலாக இருந்தது. பாதிக் கணக்கில் நிறுத்தியிருந்தாள். ‘தல வலிக்குது டீச்சர். மீதி நாளைக்கு.’

‘சரி. தண்ணீர் குடி’ என்று எழுதினேன். தேதி போட்டேன்.

ஜூலை 25, வியாழன்

ஆஸ்பத்திரியிலிருந்து இப்போதுதான் வந்தேன். வரிசையாக எழுதவேண்டும்.

மோனிஷாவுக்குக் கடுங்காய்ச்சல். நாங்கள் போனபோது பாயில் கிடந்தாள். கூப்பிட்டால் கண் திறக்கிறாள், திறந்த கண் எங்களைப் பார்க்கவில்லை. உதடு வெடித்திருந்தது.

பூட்டை உடைத்தது ரூபாவதி டீச்சர். மல்லிகா அம்மிக் குழவியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். அதை வாங்கிய டீச்சர், ஐம்பத்தேழு வயதுப் பெண், புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, ஆறாவது அடியில் கொக்கியைப் பெயர்த்தார். குழந்தையை அவரே தோளில் போட்டுக்கொண்டார். ஷேர் ஆட்டோவில் இருந்தவர்கள் இறங்கி இடம் விட்டார்கள்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் டிரிப்ஸ் ஏற்றினார்கள். அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு. கம்பெனிக்கு மூன்று முறை போன் செய்து, கடைசியில் ரூபாவதி டீச்சர் சத்தம் போட்ட பிறகுதான் அஞ்சலாவை வேலையிலிருந்து எழுப்பினார்கள். கையில் ஷூ ஒட்டும் பசையோடு வந்தார்.

டாக்டர் கேட்டார்: “எப்போதிருந்து இப்படி இருக்கா?”

நான் டிரிப்ஸ் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆட்டோவில் வரும்போது ரூபாவதி டீச்சர் கேட்டார்: “உள்ள புள்ள இருக்கான்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது?”

“அந்தப் பக்கம் போனேன் டீச்சர். முனகல் கேட்டுச்சு.”

“எப்ப?”

“இரண்டரைக்கு. உடனே ஓடிவந்து உங்ககிட்ட சொன்னேன்.”

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “கடவுள்தான் உன்னை அந்தப் பக்கம் அனுப்பினாரு.”

ஜூலை 26, வெள்ளி

இரண்டரைக்கு இல்லை.

பன்னிரண்டே முக்காலுக்குப் போனேன். தட்டினேன். தாள் வரவில்லை. மறுபடி தட்டினேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். கூப்பிட்டது அதுதான் முதல் முறை. முனகல் கேட்டது. குனிந்து கதவடியில் பார்த்தேன். பாயின் ஓரமும் ஒரு பாதமும் தெரிந்தன. பாதம் அசையவில்லை.

பூட்டைப் பிடித்து ஆட்டினேன். பிறகு மணி பார்த்தேன். ஒன்று பத்து. திரும்பிப் பள்ளிக்கு நடந்தேன். எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே நடந்தேன். வாக்கியம் கிடைக்கவில்லை. மணி அடித்தது. சூழ்நிலையியல் பாடம், நீரின் பயன்கள். ஒரு மணி நேரம் நடத்தினேன். கரும்பலகையில் ஆறு பயன்களை எழுதினேன். நாலாவதாக எழுதியது: குடிப்பதற்கு.

மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி, “டீச்சர், தண்ணி குடிச்சிட்டு வரட்டா?” என்றாள்.

அதற்குப் பிறகுதான் போய்ச் சொன்னேன்.

ஜூலை 27, சனி

காய்ச்சல் இறங்கியிருக்கிறது. கஞ்சி குடித்தாளாம். ரூபாவதி டீச்சர் போனில் சொன்னார். ‘பயப்படாத, பொழைச்சிக்கிட்டா’ என்று என்னைத் தேற்றினார்.

ஜூலை 29, திங்கள்

மாலை நான்கே காலுக்கு அஞ்சலா பள்ளிக்கு வந்தார். ரூபாவதி டீச்சர் கூட்டத்துக்குப் போயிருந்தார். பிள்ளைகள் கிளம்பிவிட்டார்கள். அவர் உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்.

“வாங்கம்மா. மோனிஷா எப்படி இருக்கா?”

“உக்காந்து பேசறா.” பையிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்தார். திறந்து என் மேசைமேல் வைத்தார். உள்ளே தாள்கள், ஒழுங்காக அடுக்கி. “அரிசி டின்னுக்குப் பின்னாடி வெச்சிருந்தா.”

நான் தாள்களைத் தொடவில்லை.

“நான் எட்டாவது வரிக்கும் படிச்சவ டீச்சர். கணக்கு புரியல. தேதி புரியுது. பத்தாம் தேதி. பதினஞ்சு. பதினாறு. பதினெட்டு. இருபத்தி நாலு வரிக்கும். எல்லாத்துலயும் உங்க கையெழுத்து.”

“அஞ்சலாம்மா...”

“நீங்கதான சொன்னீங்க? அத்தன பேரு முன்னாடி. ரோட்டுல வுட்டுட்டுப் போறாங்கன்னு. ஏதாவது ஆச்சுன்னா யார் பதில் சொல்றதுன்னு. அன்னிக்கு வேன்ல ஒருத்தி கூட எங்கூட பேசல. சரி, நான் ரோட்டுல வுடல. பூட்டிட்டுப் போனேன். தப்புதான். போன்ல பொய்யும் சொன்னேன். உங்களுக்குத்தான் அது பொய்யின்னு தெரியுமே. தெரிஞ்சிக்கினே ‘சரிம்மா’ன்னீங்க.”

டப்பா மூடியை அவர் கையிலேயே வைத்திருந்தார்.

“நீங்க ஒரு வார்த்த திட்டியிருக்கலாம். ‘இன்னாமே பொய் சொல்ற, சாவியக் குடு’ன்னு கேட்டிருக்கலாம். நான் குடுத்திருப்பேன்.” குரல் உயரவேயில்லை. “நான் புள்ளய பூட்டி வெச்சேன். நீங்க அதுக்கு ஸ்டார் போட்டீங்க.”

போகத் திரும்பினார். பிறகு நின்றார்.

“பெரிய டீச்சர்கிட்ட குடுக்கத்தான் எடுத்தாந்தேன். நீங்களே வெச்சிக்கோங்க. ஸ்கூலுக்கு வந்தா அது உங்ககிட்டதான படிக்கணும்.”

டப்பா என் மேசையில் இருக்கிறது. எட்டுத் தாள்கள்.

ஜூலை 30, செவ்வாய்

விடுப்பு எடுத்தேன். காரணம்: உடல்நலம்.

ஜூலை 31, புதன்

பதிவேட்டை எடுத்தேன். ஜூலை பத்தாம் தேதிப் பதிவு. ‘வீடு பூட்டியிருந்தது. குடும்பம் வெளியூர்.’ இரண்டாவது வாக்கியத்தை ஒரு கோட்டால் அடித்தேன். படிக்கும்படி அடிக்கவேண்டும் என்பது விதி. பக்கத்தில் எழுதினேன்: ‘உள்ளே குழந்தை இருந்தாள். 10ஆம் தேதியே எனக்குத் தெரியும். 25ஆம் தேதி 12.45க்கு அவள் எழ முடியாமல் கிடப்பதைப் பார்த்தேன். 2.30க்குத்தான் சொன்னேன்.’ கையெழுத்து. இன்றைய தேதி.

பதிவேட்டையும் டப்பாவையும் ரூபாவதி டீச்சர் முன்னால் வைத்தேன்.

அவர் வாசித்தார். ஒவ்வொரு தாளாக எடுத்துப் பார்த்தார். சப்பாத்திப் படத்தில் வெகுநேரம் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“என்னைவிட நல்லா சொல்லித் தர்ற,” என்றார். பிறகு அழுதார். அவர் அழுவதை நான் எதிர்பார்க்கவில்லை.

“ஏன் தமயந்தி, ஒரு தடவ என்கிட்ட கேட்டிருக்கக் கூடாதா? என்னைக் கேக்கவேணாம், மல்லிகாவைக் கேட்டிருக்கக் கூடாதா? அவ தெனமும் ஆறு மணிக்கு அந்த வீட்டு வழியா வர்றா. போறப்ப கைப்பிடிச்சுக் கூட்டிட்டு வந்திருப்பா. அடுப்பாண்ட உக்காந்து படிச்சிருக்கும். பூட்டு எதுக்கு, சாவி எதுக்கு? ஒரு நிமிஷ வேலை.”

ஒரு நிமிஷம். நான் அந்தக் கதவுக்கு முன்னால் எத்தனை நிமிஷம் உட்கார்ந்திருந்தேன்.

“எனக்கு இது தெரியாதுன்னு இருக்க முடியாது. பள்ளி மேலாண்மைக் குழுவுல வைக்கணும். அடுத்த வெள்ளிக்கிழமை. அவங்கதான் உன்னை எடுத்தவங்க. அவங்க போகச் சொன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது.”

“சரி டீச்சர்.”

“இந்த ‘சரி’ய முதல்ல வுடு,” என்றார் கோபமாக. என்மேல் அவர் முதன்முதலாகக் காட்டிய கோபம்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

காலை முதல் பஸ்ஸில் போனேன். மல்லிகாவோடு அந்த லைன் வழியே நடந்தேன். விஷயம் அவருக்குத் தெரிந்திருந்தது. வழியெல்லாம் என்னோடு பேசவில்லை. நீலக் கதவு வந்ததும் என்னைப் பார்க்காமல் சொன்னார்: “நீங்க கூப்புடுங்க. நான் கூப்ட்டா நீங்க எதுக்கு வந்தீங்க?”

அஞ்சலா வாசலில் தலை பின்னிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிள்ளையை இன்னும் இரண்டு நாள் படுக்கச் சொல்லியிருக்கிறார்களாம். இவருக்கும் அதுவரை லீவு. கொக்கி இருந்த இடத்தில் ஓட்டை மட்டும்.

“திங்கட்கிழமையிலிருந்து மல்லிகாவோட அனுப்புறீங்களா?” என்றேன். “அன்னிக்குக் கூட்டத்துல நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. என்ன பண்றதுன்னு உங்ககிட்ட கேட்டிருக்கணும். மன்னிச்சிருங்கன்னு சொல்ல வரல. இதைச் சொல்லிட்டுப் போக வந்தேன்.”

அவர் பின்னலை முடித்து ரப்பர் பேண்டைச் சுற்றினார். மல்லிகாவிடம் கேட்டார்:

“இன்னாக்கா, இன்னிக்கு உப்புமாவா?”

“ஆமாமா. உனுக்கு ஒரு பார்சல் கட்டவா?” என்றார் மல்லிகா.

ஆகஸ்ட் 5, திங்கள்

மோனிஷா வந்தாள். ஆறு மணிக்கே, மல்லிகாவோடு. முகம் சின்னதாகிவிட்டது. மல்லிகா மூன்று கரண்டி வைத்தார். அபிநயா அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். “கல்லு போட்டது நான் இல்லடி, அவுங்கதான்,” என்று மற்ற மூன்று பேரையும் காட்டிக்கொடுத்தாள். “எனுக்குத் தெரியும். உன் கொரல்தான் கேட்டுச்சு,” என்றாள் மோனிஷா. “சோம்பேறின்னு யாரு சொன்னது, சொல்லு?” அபிநயா தன் முட்டையில் பாதியைத் தருவதாக ஒப்பந்தம் ஆயிற்று.

வகுப்பில் வாசலுக்கு நேராக உட்கார்ந்தாள். கதவைச் சாத்தப் போன பையனை, “சாத்தாதடா,” என்றாள். காற்றுக்கு அடித்துக்கொள்ளாமல் இருக்க நான் ஒரு செங்கல்லை வைத்தேன்.

வீட்டுச் சந்திப்புப் பதிவேட்டில் இன்று யாருக்கும் எழுதவேண்டி வரவில்லை. முப்பத்தொன்றுக்கு முப்பத்தொன்று. வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு இன்னும் நாலு நாள். அஞ்சலாவும் அந்தக் குழுவில் உறுப்பினர் என்று இன்றுதான் தெரிந்தது.

கடைசி மணிக்கு முன் மோனிஷா நோட்டைக் கொண்டுவந்தாள். அன்று பாதியில் நின்ற கணக்கு. முடித்திருந்தாள். சரியாக இருந்தது. சரிக்குறி போட்டேன். கையெழுத்துப் போட்டேன்.

அவள் சட்டென்று தன் சின்னக் கையை அந்த இடத்தின்மேல் வைத்து மறைத்தாள். நகத்தில் சாயம் இப்போது முழுதும் போய்விட்டது.

“தேதி போடாதீங்க டீச்சர்.”

“ஏன்?”

குனிந்து, யாருக்கும் கேட்காமல் சொன்னாள். கதவுக்குப் பின்னால் அவள் ஒரு நாளும் பேசாத அந்தக் குரலில்: “போட்டா உங்கள அனுப்பிருவாங்களாம். அபிநயா சொன்னா.”

அவள் கையை மெதுவாக எடுத்து நகர்த்தினேன்.

போட்டேன்.